சீட்டு யார் கையில்? தென்னார்க்காட்டில் வேட்பாளர் தேர்வின் வரலாறு

தேர்தல் நாளில் வாக்காளர் செய்வது இரண்டாவது தேர்வு. முதல் தேர்வு அதற்குச் சில வாரங்கள் முன்பே முடிந்துவிடுகிறது. எந்தக் கட்சியின் பெயரால், எந்தச் சின்னத்தில், யார் நிற்பது என்பதே அது. விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்தில் உள்ள அனந்தபுரம் பேரூராட்சியின் வாக்காளர் வார்டு உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், மக்களவை உறுப்பினர் என மூன்று பேருக்கு வாக்களிக்கிறார். மூன்று பெயர்களும் அவரிடம் வந்து சேரும் வழிகள் வேறுவேறு. வார்டு வேட்பாளரைப் பேரூர்ச் செயலாளரும் மாவட்டச் செயலாளரும் பேசி முடிக்கிறார்கள். சட்டமன்ற வேட்பாளரின் பெயர் சென்னையில் கட்சித் தலைமை வெளியிடும் பட்டியலில் வருகிறது. மக்களவைக்குத் தொகுதி எந்தக் கட்சிக்கு என்பதையே முதலில் கூட்டணிப் பேச்சு முடிவு செய்கிறது. ஆள் யார் என்பது அதற்குப் பிறகுதான். இந்த மூன்று வழிகளிலும் வாக்காளருக்கு இடமில்லை. இந்த நிலை எப்படி உருவானது, அதை மாற்ற எப்போதெல்லாம் முயற்சி நடந்தது என்பதற்கு, இன்றைய விழுப்புரம் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வரலாறு நல்ல சான்று.

பெயர்களை முன்வைப்பது யார் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் கல்லில் எழுதிய பழைய விடை ஒன்று உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஊர் குடும்பு என்ற 30 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் எல்லோரும் காணக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்று உரக்க வாசிக்க வேண்டும். அங்குள்ள நம்பிமாரும் அதை வாசிக்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைக்க முடியாதபடி விரல்களை விரிக்கச் சொன்ன அந்தக் கவனம், உள்ளடி வேலை அன்றும் தெரிந்த ஒன்றுதான் என்பதைக் காட்டுகிறது.

ஆனால் குடத்துக்குள் போகும் ஓலைகளில் யார் பெயர் இருக்கலாம் என்பது கறாராக வரையறுக்கப்பட்டிருந்தது. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையிலான வயது, வேதக் கல்வி ஆகியவை வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. கடைசி மூன்று ஆண்டுகளில் பொறுப்பு வகித்தவருக்கும் இடமில்லை. இது பிராமணர்களின் சபை. ஊரில் உழுதவர், நெய்தவர், பறையறைந்தவர் எவர் பெயரும் ஓலையில் ஏறவில்லை. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்திலும் சோழர் காலத்தில் இத்தகைய சபை இருந்தது. 340 மாணவர் பயின்ற வேதக் கல்லூரி ஒன்றை அங்கே பராமரித்ததை முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு சொல்கிறது. உத்திரமேரூரை மக்களாட்சியின் தொட்டிலாகப் பாராட்டும்போது, ஓலை எழுதும் முன்பே ஊரின் பெரும்பகுதியினர் நீக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்றைய விதிகளில் நல்ல விதி, கணக்குக் காட்டாதவருக்குத் தடை என்பது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வட்ட, மாவட்ட வாரியங்கள் வந்தபோது உறுப்பினர்களில் பலரை அரசே நியமித்தது. 1919 சீர்திருத்தத்துக்குப் பின் சட்டமன்றத்துக்குத் தேர்தல் வந்தாலும் வாக்குரிமை சொத்துள்ளோரிடமே இருந்தது. 1920 இல் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சரான சுப்பராயலு ரெட்டியார் தென்னார்க்காட்டு நிலவுடைமையாளர். நீதிக்கட்சியின் வேட்பாளர்கள் பெரும்பாலும் அவரைப் போன்ற மிராசுதாரர்களும் வாரியத் தலைவர்களுமே. அன்று ஊர்ச் செல்வாக்கு உள்ளவர் நின்றார், கட்சி அவரைத் தன்னவராக ஏற்றுக்கொண்டது. கட்சி கொடுத்து ஒருவர் பெறும் சீட்டு என்ற நிலை அப்போது இல்லை.

வாக்காளர்களே வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை இந்த மண்ணில் ஒரே ஒருமுறைதான் சட்டமாக இருந்தது. அது அனேகமாக மறக்கப்பட்டுவிட்டது. 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு அதை உருவாக்கியது. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதி என்ற ஆங்கிலேய அரசின் அறிவிப்பை எதிர்த்துக் காந்தி எரவாடா சிறையில் உண்ணாநோன்பு இருந்த நேரம் அது. அம்பேத்கருடன் தமிழகத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டார்கள். சீனிவாசன் பிறந்த கோழியாளம், திண்டிவனத்துக்கு வடக்கே மதுராந்தகம் பகுதியில் உள்ளது.

ஒப்பந்தம் சொன்ன ஏற்பாடு இது. ஒரு தொகுதியில் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டால், அந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ள தாழ்த்தப்பட்ட வகுப்பினர் மட்டும் முதலில் வாக்களிப்பார்கள். ஆளுக்கு ஒரு வாக்கு. அதிக வாக்குப் பெற்ற நால்வர் இறுதித் தேர்தலுக்குச் செல்வார்கள். அந்த நால்வரில் ஒருவரை எல்லாச் சாதியினரும் சேர்ந்த பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மாகாணச் சட்டமன்றங்களில் ஒதுக்கப்பட்ட 148 இடங்களில் 30 சென்னை மாகாணத்துக்கு வந்தன. இந்த முதனிலைத் தேர்தல் முறை பத்தாண்டுகளில் முடியும், இரு தரப்பும் இசைந்தால் முன்பே முடிக்கலாம் என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. 1937, 1946 ஆகிய இரு பொதுத் தேர்தல்களும் இந்த முறையில் நடந்தன.

தன் சமூகத்தின் சார்பில் யார் நிற்பது என்பதைச் சேரியில் வாழ்ந்தவர்களே முடிவு செய்யும் உரிமை, காகிதத்தில் பார்த்தால் பெரிய உரிமை. அமெரிக்காவில் கட்சிகளின் முதனிலைத் தேர்தல்கள் வேரூன்றிச் சில பத்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நடைமுறையில் இந்த உரிமை மூன்று இடங்களில் தேய்ந்தது. வாக்குரிமைக்குச் சொத்தோ வரியோ படிப்போ தேவைப்பட்டதால், கூலி வேலை செய்த பெரும்பாலோர் பட்டியலிலேயே இல்லை. நான்கு பேரோ அதற்குக் குறைவாகவோ மனுச் செய்தால் முதனிலை வாக்கெடுப்பே நடக்காது. பல தொகுதிகளில் அதுதான் நடந்தது. கடைசியாக, முதல் கட்டத்தில் முதலாவதாக வருவதால் எந்தப் பயனும் இல்லை. நான்காவதாக வந்தவரைப் பொது வாக்காளர்கள் விரும்பினால் அவரே உறுப்பினர். 1946 இல் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் வேட்பாளர்கள் பலர் முதனிலையில் முந்தி, இறுதியில் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார்கள். தம் மக்கள் யாரை விரும்பினார்கள் என்பதற்கு முதனிலை முடிவுகளையே அம்பேத்கர் ஆதாரமாகக் காட்டினார். அவருடைய வாதத்தில் நியாயம் இருந்தது. முதல் வாக்கு ஒரு சமூகத்தின் விருப்பத்தைச் சொன்னது. இரண்டாம் வாக்கு அந்த விருப்பத்தை எடுத்துக்கொள்வதா தள்ளுவதா என்பதை மற்றவர்கள் கையில் கொடுத்தது.

1950 அரசியலமைப்பு இடஒதுக்கீட்டை வைத்துக்கொண்டு முதனிலைத் தேர்தலை விட்டுவிட்டது. தொடக்கத்தில் திண்டிவனம் போன்ற மக்களவைத் தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்தன. ஓர் இடம் பொது, ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கு. 1961 இல் இரட்டைத் தொகுதிகள் ஒழிக்கப்பட்டுத் தனித் தொகுதிகள் வந்தன. அன்றிலிருந்து தனித் தொகுதியின் வேட்பாளரைத் தீர்மானிப்பது முழுக்கக் கட்சிகளின் கையில். 2008 தொகுதி மறுவரையறையில் திண்டிவனம் மக்களவைத் தொகுதி மறைந்து விழுப்புரம் தனித் தொகுதி உருவானது. திண்டிவனம், வானூர் சட்டமன்றத் தொகுதிகளும் இன்று தனித் தொகுதிகளே. இந்தத் தொகுதிகளில் வேட்பாளர் தலித்தாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வேட்பாளர் யார் என்பதில் தலித் வாக்காளருக்குத் தனிக் குரல் கிடையாது.

காங்கிரசில் வேட்பாளர் தேர்வுக்கு முறையான ஏணி இருந்தது. மாவட்டக் கமிட்டி பெயர்களைச் சொல்லும், மாகாணத் தேர்தல் குழு பரிசீலிக்கும், கடைசிச் சொல் மத்தியக் குழுவுக்கு. ஆட்சித் தலைவரைத் தேர்வதில் மட்டும் சட்டமன்றக் கட்சிக்கு உண்மையான வாக்கு இருந்தது. அதை உறுப்பினர்கள் பயன்படுத்தவும் செய்தார்கள். 1946 இல் காந்தியும் மேலிடமும் ராஜாஜியை விரும்பியபோது சென்னைச் சட்டமன்றக் கட்சி அதை ஏற்கவில்லை. காமராசர் நிறுத்திய முத்துரங்க முதலியாரையும் தோற்கடித்து டி. பிரகாசம் வென்றார். அடுத்த ஆண்டு அவரையும் இறக்கினார்கள். 1947 மார்ச்சில் முதலமைச்சராக வந்தவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த விவசாயி ஓ.பி. ராமசாமி ரெட்டியார். ஜமீன் ஒழிப்பு, ஆலய நுழைவு, தேவதாசி ஒழிப்பு எனப் பெரிய சட்டங்கள் அவர் காலத்தில் வந்தன. வேண்டியவர்களுக்குச் சலுகை காட்ட மறுத்ததே அவர் பதவியைப் பறித்தது என்று இன்றும் இந்தப் பகுதியில் பேசுவார்கள். 1949 ஏப்ரலில் அதே சட்டமன்றக் கட்சி அவரை விட்டுக் குமாரசாமி ராஜாவைத் தேர்ந்தது. அவரைக் கொண்டுவந்ததும் அனுப்பியதும் கட்சிக்காரர்களே. ஓமந்தூர் வாக்காளரிடம் இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை.

கட்சிக்கு வெளியிலிருந்து இந்த ஏணியை உடைத்த நிகழ்ச்சியும் இதே மாவட்டத்தில்தான் நடந்தது. தென்னார்க்காட்டில் எண்ணிக்கையில் மிகுந்த சமூகம் வன்னியர். காங்கிரஸ் கமிட்டிகளிலும் பட்டியல்களிலும் அந்த எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் இல்லை என்ற குறை 1940களில் முற்றியது. 1949 மாவட்ட வாரியத் தேர்தலில் வன்னியகுல சத்திரிய சங்கம் தன் வேட்பாளர்களைக் காங்கிரசுக்கு எதிராக நிறுத்தி, 52 இடங்களில் 22 ஐப் பிடித்தது. முதல் பொதுத் தேர்தலுக்கு முன், 1951 இல், எஸ்.எஸ். ராமசாமி படையாட்சி தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். வட ஆர்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் மாணிக்கவேல் நாயக்கர் காமன்வீல் கட்சியை நடத்தினார். 1952 தேர்தலில் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும் காமன்வீல் 6 இடங்களையும் வென்றன.

375 இடங்கள் கொண்ட அன்றைய அவையில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லாத நிலையில் இந்த 25 பேர் முக்கியமானார்கள். ஆட்சி அமைக்க வந்த ராஜாஜியோ தேர்தலிலேயே நிற்காதவர். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்து முதலமைச்சராக்கினார். காமன்வீல் கட்சி அவர் அரசோடு சேர்ந்தது. 1954 இல் சட்டமன்றக் கட்சியில் சி. சுப்பிரமணியத்தை 93க்கு 41 என்ற கணக்கில் வென்று காமராசர் முதலமைச்சரானபோது, எட்டுப் பேர் கொண்ட அவருடைய அமைச்சரவையில் மாணிக்கவேலரும் ராமசாமி படையாட்சியும் இடம்பெற்றார்கள். உழைப்பாளர் கட்சி காங்கிரசில் கரைந்தது. பின்னாளில் 1980, 1984 ஆகிய இரு மக்களவைத் தேர்தல்களிலும் படையாட்சி திண்டிவனத்தில் வென்றது காங்கிரஸ் வேட்பாளராகவே.

இந்த நிகழ்ச்சியில் வாக்காளரின் ஆற்றலும் அதன் எல்லையும் சேர்ந்தே தெரிகின்றன. காங்கிரஸ் பட்டியலைத் திருத்தும் வழி வாக்காளருக்கு இல்லை. ஆனால் அந்தப் பட்டியலை மொத்தமாகத் தோற்கடிக்க முடிந்தது. தோற்ற கட்சி பாடம் கற்றது, அடுத்த தேர்தல்களில் வட மாவட்டங்களில் எல்லாக் கட்சிகளும் வன்னியர் வேட்பாளர்களைத் தேடின. அதே வேளையில், புதிய கட்சியின் வேட்பாளர்களைத் தேர்ந்ததும் சங்கத்தின் தலைவர்களே. கட்சியைக் கலைத்துக் காங்கிரசில் சேர்வதா என்பதும் வாக்காளரைக் கேட்டு எடுத்த முடிவு இல்லை. 1993 இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் மாவட்டத்துக்கு முதலில் ராமசாமி படையாட்சியார் பெயரே சூட்டப்பட்டது.

1952 இல் போட்டியிடாத தி.மு.க., திராவிட நாடு கோரிக்கையைச் சட்டமன்றத்தில் ஆதரிப்பதாகக் கையெழுத்திட்டுத் தந்த பிற கட்சி வேட்பாளர்களுக்கு ஆதரவு கொடுத்தது. அப்படி வென்றவர்களில் ஒருவர், விக்கிரவாண்டியில் உழைப்பாளர் கட்சியின் சார்பில் நின்ற ஏ. கோவிந்தசாமி. மற்ற பலர் ஆளும் கட்சிப் பக்கம் போனபோது அவர் தி.மு.க.வுக்கு வந்தார். அவர் நின்ற உதயசூரியன் சின்னமே பின்பு அந்தக் கட்சியின் சின்னமாயிற்று. 1957 இல் வளவனூரில் வென்று, 1967 இல் அண்ணா அமைச்சரவையில் வேளாண் அமைச்சரானார்.

தேர்தலில் நிற்பதா என்பதைத் தி.மு.க. முடிவு செய்த விதம் இந்தியக் கட்சிகளின் வரலாற்றில் அரிது. 1956 மே மாதம் திருச்சியில் நடந்த இரண்டாவது மாநில மாநாட்டில், வந்திருந்தவர்களிடமே வாக்குக் கேட்டார்கள். சிவப்பு, கறுப்பு என இரண்டு பெட்டிகள் வைக்கப்பட்டன. போட்டியிட வேண்டும் என்று 56,942 பேரும் வேண்டாம் என்று 4,203 பேரும் வாக்களித்தார்கள். மாநாட்டுக்கு வந்த தொண்டனின் கைச்சீட்டு கட்சியின் போக்கைத் தீர்மானித்த நாள் அது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் 15 பேர் சட்டமன்றத்துக்கும் இருவர் மக்களவைக்கும் சென்றார்கள். யார் நிற்பது என்பதற்கு அப்படி ஒரு பெட்டி பிறகு எந்தத் தொகுதியிலும் வைக்கப்படவில்லை. அந்தப் பழக்கம் வேட்பாளர் தேர்வு வரை நீண்டிருந்தால் தமிழ்நாட்டுக் கட்சிகளின் வடிவமே மாறியிருக்கும்.

இன்று நடைமுறையில் உள்ளது விருப்ப மனு முறை. தேர்தலுக்கு முன் கட்சி அறிவிப்பு வெளியிடும்; நிற்க விரும்புவோர் கட்டணம் கட்டித் தலைமை அலுவலகத்தில் மனுக் கொடுப்பார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாயும், பெண்களுக்கும் தனித் தொகுதிக்கும் 15,000 ரூபாயும் வாங்கியது. பிறகு நேர்காணல். தொகுதியில் எந்தச் சமூகம் எத்தனை, எவ்வளவு செலவு செய்ய முடியும், எதிரணியில் யார் நிற்கக்கூடும் என்ற கேள்விகள் அங்கே வரும். ஒரே தொகுதிக்குப் பல பேர் வருவார்கள். மாவட்டச் செயலாளரின் பரிந்துரையும் தனியார் நிறுவனங்களின் கருத்துக்கணிப்பும் இப்போது சேர்ந்துகொண்டன. பட்டியல் தலைவர் பெயரில் வெளியாகும். 2016 இல் ஜெயலலிதா ஒரே நாளில் 227 வேட்பாளர்களை அறிவித்து, அடுத்த நாட்களில் சிலரை மாற்றவும் செய்தார். ஏன் இவர், ஏன் மாற்றம் என்று விளக்கம் தரும் வழக்கம் எந்தக் கட்சியிலும் இல்லை.

தலைமையின் இந்த அதிகாரம் சட்டத்தில் இரண்டு தாள்களாக இருக்கிறது. 1968 ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணைப்படி, படிவம் ஏ யார் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் என்பதைச் சொல்லும். படிவம் பி இந்தத் தொகுதியில் இவரே எங்கள் வேட்பாளர் என்று சொல்லும். மனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் இரண்டும் தேர்தல் அலுவலரிடம் சேர வேண்டும். கையெழுத்து மையால் இடப்பட்டதாக இருக்க வேண்டும். தொகுதியில் ஆயிரம் பேர் ஒருவரை விரும்பினாலும், அந்தத் தாள் இல்லாமல் அவருக்குச் சின்னம் கிடையாது. 2016 திருப்பரங்குன்றம் இடைத்தேர்தலில் மருத்துவமனையில் இருந்த ஜெயலலிதாவின் கைரேகையோடு வந்த படிவங்களை வைத்து அ.தி.மு.க.வின் ஏ.கே. போஸ் நின்று வென்றார். அந்த வெற்றி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில் தீர்ப்பளித்தது. போஸ் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வாக்காளர்கள் அளித்த வாக்கு படிவத்தின் ரேகையோடு விழுந்துபோனது.

கூட்டணி அரசியல் இந்த அதிகாரத்தை இன்னும் மேலே கொண்டுபோனது. 2008 மறுவரையறையில் செஞ்சி, மயிலம் சட்டமன்றத் தொகுதிகள் ஆரணி மக்களவைத் தொகுதியோடு சேர்ந்தன. அதன் பிறகு தி.மு.க. கூட்டணியில் ஆரணி காங்கிரசுக்கு வந்தபோது, 2009 இல் எம். கிருஷ்ணசாமி வென்றார், 2019 இல் அவர் மகன் விஷ்ணு பிரசாத் வென்றார். 2024 இல் ஆரணியைத் தி.மு.க. எடுத்துக்கொண்டது. விஷ்ணு பிரசாத் கடலூருக்கு அனுப்பப்பட்டு அங்கே வென்றார், ஆரணியில் தி.மு.க.வின் தரணிவேந்தன் வென்றார். ஐந்து ஆண்டுகள் தங்கள் உறுப்பினராக இருந்தவரை மறுபடி தேர்வதா தோற்கடிப்பதா என்று சொல்லும் வாய்ப்பே செஞ்சிப் பகுதி வாக்காளருக்கு வரவில்லை. 2019 இல் விழுப்புரம் தனித் தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் பொதுச்செயலாளர் ரவிக்குமார் உதயசூரியனில் நின்று, சட்டப்படி தி.மு.க. உறுப்பினராகவே மக்களவைக்குச் சென்றார். 2024 இல் அவரே பானைச் சின்னத்தில் நின்று மறுபடி வென்றார். ஆள் ஒருவரே, தொகுதி ஒன்றே. எந்தக் கட்சியின் கணக்கில் அவர் சேர்வார் என்பதை வாக்குச்சாவடிக்கு வெளியே தீர்மானித்தார்கள்.

கட்சி விட்டுக் கட்சி வந்தவருக்குச் சீட்டுக் கிடைப்பதும் வாக்காளர் அதை ஏற்பதும் உண்டு. அ.தி.மு.க.வில் மாவட்டச் செயலாளராகவும் மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்த இரா. லட்சுமணன் 2020 இல் தி.மு.க.வில் சேர்ந்தார். 2021 இல் விழுப்புரத்தில் அமைச்சர் சி.வி. சண்முகத்தைத் தோற்கடித்தார். கட்சியில் பல ஆண்டு உழைத்தவர்களைத் தாண்டி அவருக்குச் சீட்டுக் கொடுத்தது தலைமையின் கணக்கு. அந்தக் கணக்கை வாக்காளர் சரியென்று ஒப்பினார். தலைமைகள் வாக்காளரை அடியோடு மறந்துவிட்டுப் பெயர் எழுதுவதில்லை என்பதற்கு இது சான்று. வாக்காளர் என்ன செய்வார் என்ற ஊகம் எல்லா நேர்காணலிலும் இருக்கிறது, வாக்காளர்தான் இல்லை.

தலைமையின் சொல்லை உள்ளூர்க் கட்சிக்காரர்கள் மீறிய நிகழ்ச்சியும் உண்டு. 2011 இல் பேரூராட்சித் தலைவரை வாக்காளரே நேரடியாகத் தேர்ந்தார்கள். 2022 இல் அந்த உரிமை வார்டு உறுப்பினர்களுக்குப் போனது. அந்த ஆண்டு மார்ச் 4 அன்று நடந்த மறைமுகத் தேர்தலில், கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர், துணைத் தலைவர் இடங்கள் பலவற்றில் தி.மு.க.வினரே போட்டி வேட்பாளராக நின்று வென்றார்கள். முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கூட்டணித் தலைவர்களிடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, வென்றவர்கள் பதவி விலக வேண்டும் என்றார். சிலர் விலகினார்கள், சிலர் விலகவில்லை. அந்த வாரம் நடந்த வாதத்தில் தலைமைக்கும் உள்ளூர் நிர்வாகிக்கும் இடையே யாருக்கு உரிமை என்பதே பேச்சாக இருந்தது.

ஊராட்சித் தலைவர் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. அங்கே கட்சித் தலைமையின் இடத்தில் ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். கோயிலில் கூடி ஒருவரை முடிவு செய்து மற்றவர்களை மனுச் செய்யாமல் தடுக்கும் வழக்கம் பழையது. அது ஏலமாகவும் மாறியிருக்கிறது. 2019 டிசம்பரில் பண்ருட்டி அருகே நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது. 2021 தேர்தலின்போது செஞ்சிப் பகுதியிலும் இப்படிப்பட்ட செய்தி எழுந்தது. பணம் கோயிலுக்கு, ஊர்ப் பொதுவுக்கு என்று சொல்லப்பட்டாலும், அது ஏழையின் மனுவை எழுதும் முன்பே கிழிப்பது. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் இது இன்னும் கொடியது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் தேர்தலையே நடத்தவிடாமல் ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள்.

மற்ற நாடுகளில் வேட்பாளர் தேர்வில் வாக்காளருக்குக் கொஞ்சம் இடம் கொடுத்த முறைகள் உண்டு. அமெரிக்காவில் 1903 இல் விஸ்கான்சின் மாநிலம் முதனிலைத் தேர்தலைச் சட்டமாக்கியது. ஆனாலும் 1968 இல் ஒரு முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாத ஹூபர்ட் ஹம்ஃப்ரியைக் கட்சிப் பெரியவர்கள் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக்கினார்கள். அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகே விதிகள் மாறின. தமிழர்களுக்கு அருகில் உள்ள எடுத்துக்காட்டு இலங்கை. 1978 அரசியலமைப்பின்படி, 1989 தேர்தல் முதல், வாக்காளர் கட்சிக்கு வாக்களித்துவிட்டு அதே பட்டியலில் மூவருக்கு விருப்பு வாக்கும் போடலாம். யாழ்ப்பாணத்தில் கட்சித் தலைமை விரும்பிய பெயர் தோற்று, அது பெரிதாக எண்ணாத பெயர் வெல்லலாம். பட்டியலைத் தயாரிப்பது அங்கும் கட்சியின் நியமனக் குழுதான். 225 பேரில் தேசியப் பட்டியலில் வரும் 29 பேருக்கு விருப்பு வாக்கே கிடையாது. அப்படியிருந்தும் கட்சியின் பட்டியலுக்குள் யார் வெல்வது என்பதை அங்குள்ள வாக்காளரால் தீர்மானிக்க முடிகிறது.

இந்தியாவில் கட்சிகள் எப்படி வேட்பாளரைத் தேர வேண்டும் என்று சொல்லும் சட்டம் இல்லை. 1999 இல் சட்ட ஆணையம் தன் 170 ஆவது அறிக்கையில் உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்கப் பரிந்துரைத்தது, அது நிறைவேறவில்லை. 2023 இல் மட்டும் எதிர்பாராமல் ஒரு வாய்ப்பு வந்தது. அ.தி.மு.க.வில் தலைமைத் தகராறு முற்றியிருந்ததால், ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலுக்கான வேட்பாளரைப் பொதுக்குழு உறுப்பினர்களின் வாக்கால் முடிவு செய்யும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. பொதுக்குழுவினரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கிக் கே.எஸ். தென்னரசு அறிவிக்கப்பட்டார். தகராறு தீர்ந்ததும் பழைய முறை திரும்பியது. 2025 இல் திண்டிவனத்தை அடுத்த தைலாபுரம் தோட்டத்திலும் அதே வகைத் தகராறு எழுந்தது. 1989 இல் பாட்டாளி மக்கள் கட்சியைத் தொடங்கிய மருத்துவர் ராமதாசுக்கும் மகன் அன்புமணிக்கும் யார் தலைவர் என்ற மோதல் அது. ஆகஸ்டில் எட்டு நாள் இடைவெளியில் மாமல்லபுரத்தில் ஒரு பொதுக்குழுவும் வானூர் வட்டம் பட்டானூரில் எதிர்ப் பொதுக்குழுவும் கூடின. வேட்பாளர் படிவத்தில் யார் கையெழுத்து செல்லும் என்பதும் அந்த மோதலுக்குள் அடங்கியிருந்தது.

ஏன் இவரை நிறுத்தினீர்கள் என்று கட்சியைக் கேட்கும் விதி ஒன்றே ஒன்று உண்டு. 2020 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, குற்ற வழக்கு உள்ளவரை வேட்பாளராக்கும் கட்சி, தேர்ந்ததற்கான காரணத்தையும் வழக்கு இல்லாத வேறொருவரை ஏன் தேர முடியவில்லை என்பதையும் 48 மணி நேரத்துக்குள் நாளிதழிலும் சமூக ஊடகத்திலும் வெளியிட வேண்டும். வெற்றி வாய்ப்பு உள்ளவர் என்பதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. இதற்கான சி-7 என்ற படிவம் இன்று எல்லாத் தேர்தலிலும் நிரப்பப்படுகிறது. மக்களிடம் நற்பெயர் பெற்றவர், வழக்குகள் அரசியல் உள்நோக்கம் கொண்டவை என்ற இரண்டு வாக்கியங்களே பெரும்பாலும் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. வழக்கு எதுவும் இல்லாத வேட்பாளரைப் பற்றி எந்தக் கட்சியும் எந்தத் தொகுதிக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.